புதுப்பிப்பு: பின் அச்சுக்கு வெல்டிங் போடவில்லை

உன்னிச்சைப் பக்கம் வயலுக்கு ஓடும் என் பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் 3-இன் பின் அச்சுக்கூட்டுக்குத் தகடு ஒட்டிப் பலப்படுத்தலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அந்தக் கூட்டுக்குள் இருந்து சக்கரத்தைச் சுழற்றும் வலது பக்க அரைத்தண்டு முறிந்த பயத்தில் கேட்டது.

சரி, முடிவு: வேண்டாம். இந்த வண்டியின் பின் அச்சு முழு மிதவை வகை. அதாவது, பாரத்தைச் சுமப்பது வெளிக்கூடு. உள்ளே இருக்கும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றும் வேலை மட்டுமே. கூட்டை எவ்வளவு தடிப்பாக்கினாலும் தண்டு முறிவதை அது தடுக்காது. மட்டக்களப்பு கராஜ் பாஸ் சொன்னபோதுதான் என் மண்டையில் ஏறியது.

கூடு வளைந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். இரு பின்சக்கரங்களுக்கும் இடையே முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தோம், ஒரே அளவு. டயர் ஒருபக்கமாகத் தேயவும் இல்லை. நேராக இருக்கும் கூட்டில் நீளமாக வெல்டிங் இழுத்தால் சூட்டிலேயே வளைந்துவிடலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

தண்டு இரண்டையும் மாற்றினேன். காசு வலித்தது. அப்புறம், சேற்றில் புதைந்தால் எஞ்சினை உறுமவிட்டுக் கிளச்சைப் பட்டென்று விடும் பழக்கம் எனக்கு. தண்டை முறித்தது நெல் மூட்டை இல்லை, என் இடது கால்.