பதில்: அம்புலன்ஸ் நிதி

எல்லாருக்கும் வணக்கம்.

பாரிஸ் தம்பி ஊருக்குப் போய்வந்து எழுதியதை வாசித்தேன். எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் காசு சேர்த்து அனுப்பிய, இதயத் துடிப்பைத் தாளில் பதிகிற ஈசிஜி பெட்டி, தாள் சுருள் முடிந்து, பழைய சாரத்தால் மூடி அலுமாரிக்கு மேல் கிடக்கிறதாம். அதை வாசித்த பிறகு, சங்கக் காசில் ஊருக்கு அம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்கிற யோசனைக்குச் சம்மதம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரொறன்ரோ அண்ணை, வாகனத்தில் ஊர்ப்பெயர் போட்டால் பெருமைதான். ஆனால் படகில் அக்கரைக்கு, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்துவிட்டால் 1990க்கு அடிக்கலாம், அரசின் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வடக்கில் 2018இலிருந்து ஓடுகிறது, ஒரு சதமும் வாங்குவதில்லை. கடலைத் தாண்ட முதல்தான் சனம் சாகிறது. ஓவசியர் மாமா போனதும் அப்படித்தானே? விடியப்புறம் நெஞ்சு நோ, சோளகக் காற்று, படகெடுக்க ஆளில்லை, டொக்டர் லீவில்.

நெஞ்சு நோவென்று வருகிறவருக்கு இங்கே, நான் வேலை செய்கிற வெளிநாட்டு ஆஸ்பத்திரியில், பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிடவேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு கெதியாகப் போடுகிறோமோ அவ்வளவுக்கு இதயத் தசை தப்பும். முன்பின் தெரியாத ஆட்களுக்கு இந்த வேலையைத்தான் நான் நாளும் பொழுதும் செய்கிறேன். மாமா இறந்த அந்தக் கிழமையும் செய்தேன். அவருக்கு ஒரு அஸ்பிரினாவது கொடுத்தார்களா என்று மாமியிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை.

மெல்பேர்ண் அத்தான், "பொண்ட் காசைக் கட்டிவிட்டாய், பிறகென்ன கவலை" என்கிறீர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். விசேட பயிற்சிக்கு அரசாங்கம் என்னை ஒரு வருடம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. திரும்பி வந்து வேலை செய்வேன் என்று கையெழுத்து வைத்தேன். பிணை நின்றவர்களில் மாமாவும் ஒருவர். 2022இல் வெளிக்கிட்ட டொக்டர்மாருக்குப் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்தன. நான் அதற்கு முன்பே வந்தவன், எனக்கு அந்தச் சாட்டும் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று சொல்லி நின்றுவிட்டேன். அரசாங்கத்தின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அரிவரி முதல் மருத்துவ பீடம் வரை இலவசமாகப் படித்ததை எங்கே கட்டுவது? டியூசன் காசை மாமா என் கையில் பொத்தித் தந்தபோது, "நீ வந்தால் நாங்கள் அக்கரைக்குப் போகத் தேவையில்லை" என்றுதான் சொன்னார்.

கணக்கு அண்ணை, ஈசிஜி ரசீது என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். ஆனால் தாள் யார் வாங்குவது என்று ஒரு கூட்டத்திலும் ஒருவரும் கேட்கவில்லையே. கோயில் காசு விசயத்தைத் தயவுசெய்து இதற்குள் இழுக்காதீர்கள்.

என் எண்ணம் இதுதான். இரவில் நோயாளியை ஏற்ற ஒரு படகோட்டிக்கு மாதச் சம்பளம் கொடுப்போம். அப்புறம் டொக்டர் குவாட்டர்ஸ் கூரை. ஒழுகுகிற வீட்டில் எந்தப் பிள்ளை குடும்பத்தோடு நிற்கும்? அரச கட்டடம் என்பதால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் அனுமதி எடுக்கவேண்டும். கடிதத்தை நான் எழுதுகிறேன். ஈசிஜியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தச் சாமத்திலும் பார்த்துச் சொல்வேன். ஆனால் ஊசி போட அங்கே ஆள் வேண்டும்.

படகுச் சம்பளம், எண்ணெய்ச் செலவு இரண்டையும் தம்பி விசாரித்து எழுதட்டும். முதல் வருடத்துக்கானதை நான் போடுகிறேன். சங்கத்தின் பெயரிலேயே போகட்டும். படகுக்கு மாமாவின் பெயர் வைக்கிற கதையை எடுக்கவேண்டாம், மாமி அதை விரும்பமாட்டா.