மகனுக்குப் பக்கத்தில் இருந்து படிப்பித்தால் அழுகையில்தான் முடிகிறது, உங்கள் வீட்டில் எப்படி?

கொக்குவில் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் 4, வருகிற வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டு உடுப்பு மாற்ற இரண்டரைக்கு ரியூசன் தொடங்கிவிடும், ஐந்து மணிக்கு வீடு, தேத்தண்ணீர் குடித்த கையோடு கொப்பியை விரித்தால் எட்டரை வரைக்கும் நானும் அவனும் மேசையில்தான். சனிக்கிழமை காலையும் வகுப்பு. மகனின் அப்பாவுக்கு வவுனியாவில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில் நிற்பார்.

நேற்று இரவு ஒரு பின்னக் கணக்கு. மூன்று தரம் பிழை விட்டான், அழிறப்பரால் அழித்து அழித்துக் கொப்பி கிழிந்தே போனது, எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். அவன் அழுதுகொண்டே, "நீங்கள் பக்கத்திலை இருந்தால் எனக்கு ஒண்டும் வருகுதில்லை அம்மா, குசினிக்குள்ளை போங்கோ" என்றான். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. இதே பிள்ளையை விஜயதசமி அன்று மடியில் இருத்தி, விரலைப் பிடித்துப் பச்சரிசியில் அ எழுத வைத்தபோது அவன் என் நெஞ்சில் சாய்ந்துகொண்டு எழுதினான், அந்தப் படம் இப்போதும் அலுமாரியில் இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் ஒழுங்கையில் முன்பு ஐந்தாறு பெடியள் பின்னேரம் கிரிக்கெட் அடிப்பார்கள். இப்போது ஒருவனுக்கு இரண்டரைக்கு வகுப்பு, மற்றவனுக்கு நாலு மணிக்கு, இன்னொருவனுக்கு சங்கீதம். இவனை "போய் விளையாடு" என்று விட்டாலும் வெளியில் யாரும் இல்லை, பத்து நிமிடத்தில் திரும்பி வந்து போனைக் கேட்கிறான். நான் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு விலக வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நல்லூர் ரீச்சர் (ஓய்வு):

பிள்ளை, உங்கள் மகன் வாய் திறந்து "குசினிக்குள் போங்கோ" என்று சொன்னது நல்ல விஷயம். நான் 31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள். ஒன்றும் சொல்லாமல் நகத்தைக் கடிக்கிற, விடிந்தால் வயிற்றுக்குத்து என்று படுக்கிற பிள்ளைகளைத்தான் எனக்குக் கூடப் பயம். உங்களுடையவன் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறான்.

முதலாம் இரண்டாம் தரங்களில் விளையாட்டுத்தான் முதன்மை, மூன்றிலும் நான்கிலும் செயற்பாடும் எழுத்து வேலையும், ஐந்தில்தான் மேசை வேலை கூடுகிறது என்று எங்கள் ஆரம்பக் கல்விப் பாடத்திட்டமே படிப்படியாக வகுத்து வைத்திருக்கிறது. வீடுகளில் நாங்கள் முதலாம் தரத்திலேயே மேசைக்கு இழுத்துவிடுகிறோம்.

ஆசிரியர் பயிற்சியில் வைகொட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞரின் "அண்மை விருத்தி வலயம்" என்று ஒன்று படிப்பிப்பார்கள். பெயர் பெரிது, விஷயம் எளிது. பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று, தெரிந்த ஒருவர் கொஞ்சம் கை கொடுத்தால் செய்யக்கூடியது இன்னொன்று, உதவி தேவைப்படுவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில் மட்டும்தான். அவனே செய்யக்கூடியதற்கும் நீங்கள் பக்கத்தில் குந்தியிருந்தால் அவனுக்கு அது காவல். கை கொடுத்தாலும் எட்டாத கணக்கை மூன்று தரம் செய்யச் சொன்னால் அது தண்டனை. நேற்று நடந்தது இரண்டாவது என்று நினைக்கிறேன்.

கொப்பியை மூடிவிட்டு ஒரு றாத்தல் பாணை எடுத்து அவனையே வெட்டச் சொல்லுங்கள். பாதி, அந்தப் பாதியில் பாதி. நாலில் இரண்டு துண்டும் இரண்டில் ஒரு துண்டும் ஒரே அளவு என்று அவன் கண்ணால் பார்த்த பிறகு சம்பல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுத விடுங்கள். பிழை விட்டால் "ஏன் பிழை விட்டாய்" என்று கேட்க வேண்டாம், அதற்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இல்லை. "எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள், சொல்லிக்கொண்டு வரும்போது பாதிப் பிழையை அவனே பிடிப்பான். இருபது இருபத்தைந்து நிமிடம் போதும், பிறகு எழும்பி முற்றத்துக்குப் போக விடுங்கள்.

ஒழுங்கையில் ஆள் இல்லையென்றால் நீங்கள் விளையாடுங்கள். கல்லை எறிந்து பிடிக்கிற கொக்கான் வெட்டத் தெரியும்தானே? பல்லாங்குழி என்றால் புளியங்கொட்டை போதும், மண்ணில் 14 குழி கிண்டினால் சரி. ஆனால் விளையாடும்போது "இதில் எத்தனை, அதில் எத்தனை" என்று கேள்வி கேட்டு அதையும் பாடமாக்கிவிடாதீர்கள், பிள்ளைகள் அதை உடனே மணந்து பிடித்துவிடுவார்கள், அதோடு உங்களுடன் விளையாட வரமாட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, மனம் நோகாமல் கேட்கிறேன். அந்தக் கணக்குப் பிழைத்தபோது உங்களுக்கு உண்மையில் எதை நினைத்துப் பயம் வந்தது?

குருநகர் தாய்:

ரீச்சர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் வகுப்பைக் குறையுங்கள், விளையாட விடுங்கள் என்று எழுதுகிறவர்கள் எங்களைப் போன்ற வீடுகளையும் நினைக்க வேண்டும். அவர் கடல் தொழில், நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மகளுக்கு வெட்டுப்புள்ளிக்கு மேல் வந்தால் மாதம் ஒரு உதவிப்பணமும் கிடைக்கும், நல்ல பள்ளிக்கூடமும் கிடைக்கும். எனக்குத் தெரியாததை யாராவது சொல்லிக்கொடுக்கத்தானே வேண்டும்? அதனால் சனிக்கிழமை வகுப்பை நான் நிற்பாட்டமாட்டேன்.

அதே வகுப்பில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் இவளின் புள்ளியை வாசித்துப் பின் வாங்கிலில் இருத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. அடுத்த கிழமை நான் போய், பிழையென்றால் எனக்குச் சொல்லுங்கள், பிள்ளையை எல்லார் முன்னாலும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். படிக்காத தாய் போய்ச் சொன்னால் கேட்பார்களா என்று யோசித்துக்கொண்டுதான் போனேன். கேட்டார்கள்.

வீட்டில் நான் செய்வது ஒன்றே ஒன்று. பின்னேரம் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவளைப் பக்கத்தில் வைத்து அன்று படித்ததை எனக்குப் படிப்பிக்கச் சொல்வேன். எனக்கு உண்மையாகவே தெரியாது, அதனால் "விளங்கவில்லை, இன்னொருக்கால் சொல்லு" என்று கேட்பேன். நடித்துக் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். தனக்கே தெரியாத இடம் வந்தால் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். சுற்றாடல் பாடத்தில் காற்று, கடல் என்று வந்தால் அவரிடம் போவாள், வலை பொத்திக்கொண்டே வாடைக்காற்று, சோளகம் எல்லாம் அவர் சொல்லுவார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் உதவி என்றால் எங்களுக்கு வழியே இல்லை அக்கா.

நல்லூர் ரீச்சர் (ஓய்வு):

குருநகர்ப் பிள்ளை, நீங்கள் செய்வதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது, மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் படித்தது மனதில் நிற்கும். உதவிப்பணத்தைப் பற்றிச் சொன்னதும் நியாயம். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில், இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் வந்தபோது, வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகள் மேலே வரட்டும் என்றுதான் இந்தப் புலமைப்பரிசிலும் வந்தது. உங்கள் மகளுக்கு அது உரிமை. வசதியுள்ள வீடுகள் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஏழு வயதில் ஓட்டத்தைத் தொடங்கிவைப்பதுதான் என் கவலை. வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வகுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் பிள்ளைக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும்.

கொக்குவில் அம்மா:

ரீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். 1995இல் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. ஒரே இரவில் எல்லோரும் நடந்து தென்மராட்சிக்குப் போனோம், மழை, கைதடிப் பக்கம் நகர முடியாத சனம். அம்மா எடுத்துவந்த ஒரே பையில் என் கொப்பிகளும் இருந்தன. அங்கே மரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படித்தோம், இரவில் ஜாம் போத்தல் விளக்கு. வீடு போனாலும் நகை போனாலும் படிப்பை ஒருவரும் பறிக்க முடியாது என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுவா. அந்தக் கணக்கு மூன்றாம் தரமும் பிழைத்தபோது எனக்கு வந்தது அந்தப் பயம்தான், இவனிடம் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எப்படி விளங்கும்?

எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த மரத்தடியில் நாங்கள் பின்னேரம் முழுக்க விளையாடினோம். கிளித்தட்டு, கெந்தித்தொட்டு, கொக்கான். அம்மா ஒரு நாளும் தடுத்ததில்லை.

வல்வெட்டித்துறை தகப்பன்:

அக்கா, ஒழுங்கையில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஒழுங்கையிலும் இதே கதைதான். நான் நாலு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் வகுப்பு நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஞாயிறு பின்னேரமும் புதன் ஐந்தரையும் எல்லோருக்கும் சும்மா இருந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் புதிதாக வகுப்புப் போடக்கூடாது என்று பேசிக்கொண்டோம், முறை வைத்து ஒரு பெரியவர் வெளியில் நிற்போம். அவ்வளவுதான் செய்தோம், இப்போது எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்.

அடுத்தது தகப்பன்மார். ஞாயிறு ஒரு நாள்தான் அவர் வீட்டில் என்றால் அந்த நாளைக் கணக்குக் கேட்கிற நாளாக்க வேண்டாம். வாடைக்காற்று எழும்பப் போகிறது, பட்டம் கட்டச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் தைப்பொங்கல் அன்று கடற்கரையில் பட்டப் போட்டி என்பது தெரிந்திருக்கும், அதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டு விறாந்தை எல்லாம் மூங்கில் சீவலும் பசையும்தான். என் மகள் போன வருடம் எட்டுமூலைப் பட்டம் கட்டினாள். ஒரு பக்கக் குச்சியை மற்றப் பக்கத்தைவிடத் தடிப்பாகச் சீவிவிட்டாள், எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. ஏற்றியதும் ஒரு பக்கம் சாய்ந்து குத்தியது. வாலை நீட்டினாள், பட்டத்தில் நூல் பூட்டுகிற முச்சையை இறக்கிக் கட்டினாள், சரிவரவில்லை. மூன்றாம் நாள் தானாகவே குச்சியை விரலில் வைத்து நிறை பார்த்து, இந்தப் பக்கம் பாரம் அப்பா என்றாள். அந்த மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தது எனக்குப் பட்டம் கட்டுவதைவிடக் கஷ்டம்.

உரும்பிராய் பெடியன்:

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், பிள்ளையாக இருந்த பக்கத்திலிருந்து ஒரு சொல். எனக்கு வெட்டுப்புள்ளி வரவில்லை. வகுப்பில் என்ன படித்தேன் என்பது பெரும்பாலும் மறந்துவிட்டது. அப்பா சைக்கிள் பாரில் என்னை வைத்து உரும்பிராயிலிருந்து திருநெல்வேலி வகுப்புக்கு ஓட்டிக்கொண்டு போவார், வழியில் எந்தத் தோட்டத்தில் என்ன நட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார், வெங்காயம், புகையிலை, மரவள்ளி. புள்ளி பற்றி அந்த வழியில் ஒரு நாளும் கேட்டதில்லை. முடிவு வந்த அன்று ஒன்றும் பேசாமல் நல்லூரடிக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார், திரும்பும்போதும் தோட்டம்தான் காட்டினார். நான் இன்று விவசாயம் படிக்கிறேன். அண்ணாவையும் மகனைச் சைக்கிளில் ஏற்றச் சொல்லுங்கள் அக்கா.

கொக்குவில் அம்மா:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பை நிற்பாட்டிவிட்டோம், அவர் முதலில் யோசித்தார், பிறகு சரி என்றார். பாண் வெட்டிய அன்றே பின்னம் பிடிபட்டுவிட்டது. பரப்பளவு இன்னும் வரவில்லை, போன செவ்வாய் திரும்பவும் அழுதான், ஆனால் இந்த முறை நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன், பத்து நிமிடத்தில் தானாகவே வந்து "இதை மட்டும் சொல்லித் தாங்கோ" என்று ஒரு வரியைக் காட்டினான். இரவில் கொக்கான் வெட்டுகிறோம். முதல் இரண்டு நாள் கல்லைப் பிடிக்கத் தெரியாமல் இருந்தவன் இப்போது என்னை வெல்கிறான்.

குருநகர்த் தங்கச்சி, உங்களைப் பார்த்துச் சுற்றாடல் பாடத்தை எனக்குப் படிப்பிக்கச் சொன்னேன். நான் பாதியில் திருத்தப் போக, "இப்ப நான்தான் சேர்" என்று என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டான்.

ஞாயிறு பட்டம் தொடங்கியாயிற்று. வல்வெட்டித்துறை அண்ணா, மகன் பட்டத்தில் காற்றுக்குக் கூவுகிற விண் பூட்ட வேண்டும் என்று நிற்கிறான், அவருக்குச் செய்யத் தெரியாது. எப்படிக் கட்டுவது?

வல்வெட்டித்துறை தகப்பன்:

மெல்லிய மூங்கிலை வில்லாக வளைத்து, பார்சல் கட்டுகிற நாடாவை இரண்டு முனைக்கும் முறுகாமல் இழுத்துக் கட்டுங்கள். நாடா தடிப்பென்றால் கூவாது, கண்ணாடித் துண்டால் சீவ வேண்டும், அதைப் பெரியவர் செய்யட்டும். கட்டியதும் கையில் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடச் சொல்லுங்கள், கூவினால் சரி. சின்னப் பட்டம் இதைத் தூக்காது, அவன் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். மின்கம்பி வழியில் ஏற்ற வேண்டாம், கொக்குவிலில் வெளியான இடம் கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிறு எங்கள் கடற்கரைக்குக் கூட்டிவாருங்கள், எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளும் நிற்பார்கள்.