நுண்கலை முதுமாணிக்கு விண்ணப்பிக்க எங்கே தொடங்குவது?

மாதகல்_மகள்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகத்தில் படிச்சது சித்திரமும் வடிவமைப்பும், நாலு வருடச் சிறப்புப் பட்டம், தமிழ் மொழிமூலம். அடுத்த வருடத்துக்கு நுண்கலை முதுமாணி (எம்எஃப்ஏ எண்ட முதுகலைப் பட்டம்) விண்ணப்பிக்க நினைக்கிறேன். கையில் முப்பது வேலைகள் வரை இருக்கு. அரைவாசி அக்ரிலிக், மற்றது துணியில் சுண்ணாம்பும் கரியும்.

எம்எஃப்ஏ, எம்ஏ, எம்ஃபில் இதில் எது பொருந்தும்? இந்தியாவா, இங்கிலாந்தா, அமெரிக்காவா? வீட்டில் காசு எதிர்பார்க்க ஏலாது, புலமைப்பரிசில் கிடைத்தால்தான். போட்ஃபோலியோவுக்கு (விண்ணப்பத்தோட அனுப்பிற படத்தொகுப்பு) எத்தனை படம் வைக்க வேணும்? போனில் எடுத்ததெல்லாம் ஒரு பக்கம் மஞ்சளாயும் ஓரம் வளைஞ்சும் வருது.

கரித்துண்டு:

தங்கச்சி, நாட்டைப் பிறகு பாப்பம். முதலில் பட்டத்தைத் தெரிவு செய்யுங்கோ, அதோட பாதிக் குழப்பம் போயிடும்.

எம்எஃப்ஏ எண்டால் ஸ்ரூடியோப் படிப்பு. நீங்கள் செய்யிற வேலைதான் உங்கட ஆய்வு; முடிவில் ஒரு காட்சியும் அதைப் பற்றின எழுத்தும் கேட்பினம். அமெரிக்காவில் ஓவியம், சிற்பம், அச்சுக்கலைக்கு இதுதான் இறுதிப் பட்டமாகக் கருதப்படுது. கலாநிதிப் பட்டம் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கலாம். எம்ஃபில் எண்டால் எழுத்தாய்வு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உயர் பட்டப்படிப்புகள் பீடத்தில் அதுக்கு வழி இருக்கு. கலை வரலாறு எழுத விருப்பமெண்டால் நல்ல தெரிவு. வரைய விருப்பமெண்டால் அதுக்குள்ள போய் மாட்டாதேங்கோ, வருடங்கள் எழுத்தில் போயிடும்.

திரும்பி வந்து இங்க வேலை தேடும் எண்ணம் இருந்தால் கிரெடிற் கணக்கையும் பாருங்கோ. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 30 கிரெடிற் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோட சேர்ந்த 60 கிரெடிற் 10ஆம் மட்டம், எம்ஃபில் 11. வெளிநாட்டுப் பட்டமெண்டால் ஒவ்வொரு பாடத்தின்ர கிரெடிற்றும் மணித்தியாலமும் எழுதின பாடத்திட்டத்தைப் படிக்கும்போதே வாங்கி வைக்க வேணும். அஞ்சு வருடம் கழிச்சுக் கேட்டால் அந்தத் துறையில் எடுத்துத் தர ஆள் இருக்காது.

இனி நாடு. உங்கட நிலைக்கு இந்தியாவைத்தான் முதலில் சொல்லுவன். நாலு வருடப் பட்டம் இருக்கிறபடியால் தகுதிப் பிரச்சினை இல்லை. மூண்டு வருடப் பொதுப்பட்டக்காரர்தான் அங்க தடக்குப்படுகினம். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் பீடம் (1950 முதல்) ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, கலை வரலாறு எல்லாத்தையும் ஒரே வளவுக்குள்ள வைச்சிருக்கு. சாந்திநிகேதன் கலாபவனம் 1919இல் தொடங்கினது, சுவரோவியத்திலும் அச்சிலும் அதன்ர பலம் இருக்கு. ராம்கிங்கர் பைஜ் சீமெந்தும் செம்புறாங்கல்லும் குழைச்சுச் செய்த 'சாந்தால் குடும்பம்' இண்டைக்கும் அந்த வளவுக்குள்ளதான் நிக்குது. சுண்ணாம்பில் வேலை செய்யிற நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப்பள்ளியும், 1850இல் தொடங்கின சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும் இருக்கு. சென்னையில் மொழி சுகம்.

காசுக்கு: இலங்கையருக்கான மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு உரியது, இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும். இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் (ஐசிசிஆர்) ஏ2ஏ இணையத்தளத்தில் அஞ்சு பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திக் குடுக்க வேணும். பலர் பிழைவிடுறது இங்கதான். பல்கலைக்கழகத்தின்ர பெயரை மட்டும் பார்த்து நிரப்புவினம், அங்க நுண்கலை ஸ்ரூடியோத் துறை இருக்காது. ஒவ்வொரு தெரிவுக்கும் துறையின் பெயரைத் தனியாத் தேடி, அந்த வருடம் ஸ்ரூடியோப் பிரிவுக்கு ஆள் எடுக்கினமோ எண்டு மின்னஞ்சலில் கேட்டுப்போட்டு நிரப்புங்கோ. யாழ்ப்பாணத்திலயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்குது, சும்மா விசாரிக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

இங்கிலாந்தில் எம்ஏ வழமையா ஒரு வருடம், அவையின்ர கணக்கில் 180 கிரெடிற். எம்எஃப்ஏ பெரும்பாலும் இரண்டு வருடம், லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் அப்பிடித்தான். பிரித்தானிய அரசின்ர செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிக்குத்தான் காசு தரும். இது தெரியாமல் இரண்டு வருட எம்எஃப்ஏயைத் தெரிவு செய்தால் விண்ணப்பம் அந்த இடத்திலயே நிண்டுடும். செவனிங்குக்கு 2,800 மணித்தியால வேலை அனுபவமும் வேணும், படிச்சு முடியத் திரும்பி வந்து இரண்டு வருடம் இலங்கையில நிக்கவும் வேணும். இப்பதான் பட்டம் முடிச்சதெண்டால் அந்த மணித்தியாலத்தைச் சேர்க்கத் தொடங்குங்கோ. பகுதிநேர வேலையும் கணக்கில் வரும், அதுக்கான கடிதத்தை அப்பப்ப வாங்கி வையுங்கோ.

அமெரிக்காவில் பெயர் பெரிசாக் கேட்கிற தனியார் கலைப்பள்ளியளை விட, ஸ்ரூடியோவோட படிப்பித்தல் உதவியாளர் வேலை தாற மாநிலப் பல்கலைக்கழகங்களைத் தேடுங்கோ. அங்க மின்னஞ்சல் எழுதினால் இவ்வளவும் கேளுங்கோ: கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடியோ, மாத உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கோ பன்னிரண்டுக்கோ, அடுத்த வருடமும் உறுதியோ, மருத்துவக் காப்புறுதி ஆர் கட்டுறது. பதில் வழவழ எண்டு வந்தால் விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்காதேங்கோ. இறுதித் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. படிப்புத் தொடங்குறது அடுத்த ஆகஸ்டில்.

நிழல்_அளவு:

கரித்துண்டு பட்டங்களைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் படங்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் தெரிவுக்குழு பெறுபேற்றுக்கும் கடிதத்துக்கும் முன் பார்ப்பது அவற்றைத்தான்.

எண்ணிக்கை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும், பதினைந்து முதல் இருபது வரை என்பது வழமை. இருபது கேட்டால் இருபதையும் நிரப்ப வேண்டும் என்றில்லை. பதினைந்து நல்ல படங்களோடு ஐந்து சுமாரானவை சேர்ந்தால், உங்களுக்கு எது நல்லது என்று தெரியவில்லை என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் செய்த நிலைப்பொருள், உருவப்பயிற்சி, இரண்டாம் வருட நிறப் பயிற்சி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உங்கள் முப்பதில் சுண்ணாம்பு-கரி வரிசைதான் போட்ஃபோலியோ என்று தோன்றுகிறது. அதில் பன்னிரண்டு, அக்ரிலிக்கில் அதே எண்ணத்தைத் தொடுகிற மூன்று, நெருக்கப்படங்கள் இரண்டு போதும். சுண்ணாம்பு உரிந்த விளிம்பும் துணியின் இழையும் முழுப்படத்தில் தெரியாது, நெருக்கப்படத்தில்தான் தெரியும். மிக வலுவானது முதலில், அடுத்த வலுவானது கடைசியில்.

மஞ்சள் வருவதன் காரணம் இரண்டு வகை வெளிச்சம் கலப்பது. ஒரு பக்கம் யன்னல், மறுபக்கம் குமிழ் அல்லது ரியூப்லைற் இருந்தால் எந்தக் கமராவாலும் சரிசெய்ய முடியாது. வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். வெளியே எடுப்பதென்றால் மேகம் மூடிய காலை நல்லது. மாமர நிழலில் எடுத்தால் பச்சை ஏறும். வலிகாமத்துச் செம்மண் முற்றத்தில் எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதி சிவக்கும், நிலத்தில் வெள்ளைச் சீலை விரித்தால் அது நிற்கும். உள்ளே எடுப்பதென்றால் ஒரே வகையான இரண்டு எல்ஈடி விளக்குகளை இரு பக்கமும் 45 பாகையில், படத்திலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். வெளிச்சம் சமமா என்று பார்க்க, படத்தின் நடுவில் ஒரு பென்சிலை, நுனி உங்களை நோக்கி நீட்டும்படி, படத்தின் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் விழும் நிழல் ஒரே நீளத்தில், ஒரே கருமையில் இருந்தால் சரி. ஒன்று கருமையாக விழுந்தால் அதற்கு எதிர்ப்பக்க விளக்கு கிட்ட நிற்கிறது.

ஓரம் வளைவது போனின் அகல வில்லையால். கிட்ட நின்று எடுக்காதீர்கள். மூன்று, நான்கு அடி பின்னால் போய் இரண்டு மடங்கு வில்லையில் எடுங்கள். கமரா இரவல் கிடைத்தால் 50 மில்லிமீற்றர் வில்லை, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, முக்காலி, இரண்டு செக்கன் ரைமர். கமராவின் உயரம் படத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். படத்தின் நடுவில் ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக ஒட்டிவைத்துப் பாருங்கள்: கண்ணாடியின் நடுவில் வில்லை தெரிந்தால் கமராவும் படமும் நேருக்கு நேர். கீழே தெரிந்தால் படத்தின் மேற்பக்கம் பின்னால் சாய்ந்திருக்கிறது. சட்டத்துக் கண்ணாடியைக் கழற்றாமல் எடுக்கவே வேண்டாம்.

முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை அல்லது வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், பிறகு வெண்சமநிலையை அதைக்கொண்டு சரிசெய்யலாம். கண்மதிப்பில் நிறத்தைக் கூட்டாதீர்கள். சுண்ணாம்பு வெள்ளை பளீரென்று மாறி, உங்கள் வேலையின் மங்கலே அழிந்துவிடும். ஓவியமென்றால் விளிம்போடு வெட்டுங்கள். சுவரில் தொங்கவிட்ட துணியென்றால் சுவரும் தரையும் கொஞ்சம் தெரிய விடுங்கள், அளவு விளங்க வேண்டும். ஜேபெக், நீளப்பக்கம் 2,000 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி. தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம் × அகலம் சென்ரிமீற்றரில். 'கலப்பு ஊடகம்' என்று மட்டும் எழுதுவது உங்கள் பலத்தை நீங்களே மறைப்பது. 'பருத்தித் துணியில் சுண்ணாம்பு, கரி' என்று எழுதுங்கள்.

மாதகல்_மகள்:

மிக்க நன்றி. பென்சில் நிழலை இண்டைக்கே பார்த்தேன், இடப்பக்க விளக்குத்தான் பிழை. இன்னும் இரண்டு கேள்வி. கலைஞர் கூற்றை (என்ர வேலையைப் பற்றி நானே எழுதிக் குடுக்கிறது) தமிழில்தான் யோசிக்க வருது, ஆங்கிலத்தில் எழுதினால் மற்றவர்கள் எழுதுவதுபோலவே வந்துவிடுகிறது. அடுத்தது, நேர்முகத்துக்கு வேலையைக் கொண்டுவரச் சொன்னால் ஆறடித் துணியை எப்படிக் கொண்டுபோவது?

பனஞ்சாறு:

தமிழிலேயே எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். தமிழில் எழுதும்போதும் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: முதல் மூன்று வசனத்துக்குள் வலி, நினைவு, அடையாளம், இழப்பு என்ற சொற்கள் வரக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் விண்ணப்பம் என்றதும் தெரிவுக்குழு அந்தச் சொற்களை எதிர்பார்த்தே திறக்கும். அவை உண்மையானவைதான். ஆனால் பொதுவாகச் சொன்னால் உங்களுக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியாது. கை என்ன செய்கிறது என்று தொடங்குங்கள்: 'பாழடைந்த வீட்டுச் சுவரின் சுண்ணாம்பை ஈரத்துணியில் உரித்தெடுத்து, காய்ந்தபின் அதன்மேல் அந்த வீட்டின் தரைப்படத்தைக் கரியால் வரைகிறேன்.' இப்படி ஒரு வசனம் இருந்தால் இழப்பு என்ற சொல் தேவைப்படாது. (இது உதாரணம்தான், நீங்கள் செய்வதை எழுதுங்கள்.) இந்த முறை ஏன், அதில் எது இன்னும் சரிவரவில்லை, அதைத் தீர்க்க அந்த நிறுவனத்தில் என்ன இருக்கிறது என்று முந்நூறு முதல் ஐந்நூறு சொல்லுக்குள் முடியுங்கள். 'ஏன் இந்தப் படிப்பு' என்ற நோக்கக் கூற்று வேறு, இது வேறு. ஒன்றையே இரண்டு இடத்திலும் ஒட்டாதீர்கள்.

யாரைப் பார்த்து வேலை செய்கிறீர்கள் என்று நேர்முகத்தில் கேட்பார்கள். ஐரோப்பியப் பெயர்களை மட்டும் சொல்லாமல் இங்கிருந்தே தொடங்குங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்குவையும், 1943இல் கொழும்பில் உருவான நவீன ஓவியர்களின் 43 குழுவையும் பற்றி இரண்டு வசனம் தெளிவாகப் பேசத் தெரிந்தால் அது எடுபடும்.

இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஆங்கிலப் பரீட்சை கட்டாயம் வரும், ஏனென்றால் எந்த மொழியில் படித்தீர்கள் என்று பல்கலைக்கழகம் தரும் மொழிமூலக் கடிதம் தமிழ் மொழிமூலப் பட்டத்துக்கு உதவாது. ஐஈஎல்ரிஎஸ் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே விண்ணப்பிக்கும் வருடத்தில் எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். விரிவுரையாளர்களுக்கு ஆறு கிழமை முன்னரே சொல்லி, பதினைந்து படங்களையும் கூற்றின் வரைவையும் கொடுங்கள். இல்லாவிட்டால் 'ஒழுக்கமான மாணவி' என்ற கடிதம்தான் வரும், அது எந்தப் பயனும் தராது. கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு அவர்களுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் போகட்டும். தானாக அனுப்பப்படும் அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் ஸ்பாமில் விழும், போன்செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

துணிக்கு: சட்டத்திலிருந்து கழற்றி, ஹாட்வெயாரில் ஆறு அங்குலப் பிவிசி குழாய் வாங்கி அதன்மேல் சுற்றுங்கள். வரைந்த பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் மேற்பூச்சு நெரிந்து வெடிக்கும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள்; குமிழ்ப் பிளாஸ்ரிக் பூச்சைத் தொடக்கூடாது. ஆனால் சுண்ணாம்பு தடிப்பாக இருந்தால் சுற்றவே வேண்டாம், எந்தக் குழாயிலும் உதிரும். அந்த வேலைகளுக்கு நல்ல படங்களையும், அதே முறையில் ஒன்றரை அடிச் சதுரத்தில் செய்த இரண்டு மாதிரிகளை அட்டையில் தட்டையாகவும் கொண்டுபோங்கள். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பது சிறிய விமானம், குழாயின் நீளத்தை ரிக்கற் எடுக்க முதலே கேளுங்கள்.

கரித்துண்டு:

ஒண்டு விட்டுப்போச்சு. பெறுபேற்றுச் சான்றிதழில் பதிவாளரின்ர கையொப்பம் வாங்கி, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின்ர உறுதிப்படுத்தலும் எடுக்க வேணும். யாழ்ப்பாணக் கச்சேரியில (மாவட்டச் செயலகம்) அதுக்குப் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கு. பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், பாஸ்போட் மூண்டிலயும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில இருக்கோ எண்டு இண்டைக்கே எடுத்து வைச்சுப் பாருங்கோ. தகப்பன் பெயரில ஒரு 'எச்' கூடினாலும் குறைஞ்சாலும் திருத்த மாதக்கணக்காகும், அதை முதல் வேலையாச் செய்யுங்கோ.