அழைப்பிதழுக்கும் கடைப் பலகைக்கும் ஒரே பூவேலை எழுத்துருவோ?

பனையோலை:
நகைக்கடைத் திறப்புவிழா வேலை. அழைப்பிதழும் பெயர்ப்பலகையும் செய்யவேணும். ஆங்கிலப் பேருக்கு பொடோனி எண்ட எழுத்துருவின்ர சாயலில ஒரு பழைய செரிஃப் (கோட்டு நுனியில சின்னக் குறுக்கு வாற) எழுத்துரு எடுத்திருக்கு. நிமிர்ந்த கோடு நல்ல தடிப்பு, குறுக்குக்கோடும் செரிஃபும் மயிரிழை, 'ஆர்' இன்ர வால் பக்கத்து எழுத்துக்குக் கீழால சுருண்டு போகும். அழைப்பிதழில பேர் 14 புள்ளி அளவு, தங்க ஃபொயில் (மினுங்கிற தங்கத் தாள்) அச்சு. ரெண்டுக்கும் ஒரே எழுத்துரு வேணும், மெல்லிசு எண்டால் அவுட்லைன் (எழுத்தைச் சுத்திக் கோடு) குடுத்துத் தடிப்பாக்கலாம் எண்டது என்ர கட்சி.

மைக்கறை:
அழைப்பிதழில அது சரிவராது அண்ணை. 14 புள்ளியில பெரிய எழுத்தின்ர உயரம் கிட்டத்தட்ட 10 புள்ளி. மயிரிழை அதில நூற்றுக்கு 2 எண்டு வையுங்கோ, 0.2 புள்ளிதான் வரும். ஃபொயில் அதைப் பிடிக்காது. 'எச்' (H) இன்ர நடுக்கோடு அறுந்து ரெண்டு 'ஐ' (I) பக்கத்தில நிக்கிற மாதிரித் தெரியும். 0.3 அவுட்லைன் குடுத்தால் கோடு 0.5 ஆகும், உண்மை. ஆனால் சின்ன 'ஈ' (e) இன்ர கண்ணும், அதாவது உள்வெளியும், 0.3 சுருங்கும், ஃபொயில் அதை அடைச்சுப்போடும்.

ஈய அச்செழுத்துக் காலத்தில ஒவ்வொரு அளவையும் தனித்தனியா வெட்டினவை, சின்ன அளவில மயிரிழையைத் தடிப்பா விட்டவை. 1994 இல வந்த ஐடிசி பொடோனிக்கு 6, 12, 72 புள்ளி எண்டு மூண்டு வெட்டு (அளவுக்கேத்த வடிவம்) இருக்கிறது அதாலதான்.

பனையோலை:
அப்ப பேரை 36 புள்ளியாக்கிறன்.

மைக்கறை:
அது பிடிக்கும். முகவரி வரிக்கு மட்டும் வேற வெட்டு எடுங்கோ.

நாலாம்சந்தி:
பலகையில பனையோலை அண்ணையின்ர பக்கம்தான் நான். எழுத்து 6 அங்குலம் எண்டால் மயிரிழை 3 மில்லிமீற்றர். ஸ்டிக்கர் வெட்டத் தாராளம். ஆனால் 60 அடியில நிண்டு பாக்க 5 மில்லிமீற்றருக்குக் குறைஞ்ச கோடு மங்கிப்போகும். 2 மில்லிமீற்றர் அவுட்லைன் குடுங்கோ. இந்த அளவில எழுத்தின்ர கண்ணுக்கு ஒண்டும் ஆகாது.

கொறல் ட்றோ வரைகலை மென்பொருளில மூலையை உருட்டையா வையுங்கோ, கூர்மூலை எண்டால் செரிஃப் நுனியில முள்ளு முளைக்கும். பொருளோட சேர்ந்து அவுட்லைனும் பெருக்கிற தெரிவைப் போடுங்கோ. கடைசியா அவுட்லைனைப் பொருளாக்கி எழுத்தோட ஒட்டவேணும். ஒட்டாட்டில் வெட்டுற மெசின் பழைய கோட்டிலதான் ஓடும், தடிப்பாக்கினது வீண். அக்கிரிலிக்கில எண்டால் 5 கூடக் காணாது, பலகையில ஏத்தேக்கயே முறியும்.

மைக்கறை:
மயிரிழையைத் தடிப்பாக்கினால் அது வேற எழுத்துருதானே? பிறகென்ன 'ஒரே எழுத்துரு'?

நாலாம்சந்தி:
தெருவில நிக்கிற ஆளுக்கு 'ஆர்' இன்ர வால்தான் அடையாளம், தடிப்பில்லை. தமிழைப் பாமினியில (ஆங்கில எழுத்தின்ர இடத்தில தமிழ் வைச்ச பழைய எழுத்துரு) அடிச்சிருந்தால் எல்லாத்தையும் சேர்த்துத் தெரிஞ்சு எழுத்துருவை மாத்தாதேங்கோ, 'யாழ்ப்பாணம்' ஆங்கிலக் குப்பையாய்ப் போகும்.

மைக்கறை:
மேல தமிழ், கீழ ஆங்கிலம் எண்டால் 'ரு', 'ழு' இன்ர கீழ்ச்சுழிக்கு இடம் விடவேணும். 'ஆர்' இன்ர வாலும் கீழ முகவரியில இடிக்கும். வாலில்லாத 'ஆர்' அதே எழுத்துருவில மாற்றெழுத்தாக் கிடக்கும், பாருங்கோ.

பனையோலை:
முகவரியை இறக்கிறன். வாலைக் கழட்டமாட்டன்.