சனிக்கிழமைக்கு ஒரு சேற்றுவாயன்

*குழு: பகடைக் குடும்பம்*

*கவின்:* புது மான்ஸ்டர் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், பாத்துச் சொல்லுங்க. ஆடுறவங்க யாரும் இந்தக் குரூப்ல இல்ல, அதனால முழுசாப் போடுறேன். டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதையா ஆடுற விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 ரூல்ஸ். நாலு பேர், எல்லாரும் லெவல் 3.

*கவின்:* பேரு சேற்றுவாயன். சதுப்புல புதைஞ்சு கிடக்கும். ஏசி (அடி படாமக் காக்கற பாதுகாப்பு எண்) 18, எச்பி (உயிர்ப் புள்ளி) 110. கடி 2டி8+3 (எட்டு முகப் பகடை ரெண்டு உருட்டி 3 கூட்டற டேமேஜ்). நாக்கு பட்டா ஒரு ரவுண்டு ஸ்டன். அப்புறம் தண்ணிக்குள்ள இழுத்து மூழ்கடிக்கும்.

*மீனாக்கா:* ஏசியை முதல்ல இறக்கு. லெவல் 3ல அட்டாக் போனஸ் பெரும்பாலும் +5. ஏசி 13னா இருபது முகப் பகடைல (டி20) 8 விழுந்தாப் போதும், அதோட 5 சேந்து 13 ஆயிடும், பட வாய்ப்பு 65 சதவீதம். 18னா 13 விழணும், 40 சதவீதம்தான்.

*மீனாக்கா:* வாள் 1டி8+3, சராசரி 7.5. ஏசி 18க்கு எதிரா ஒரு டர்னுக்கு 3தான் தேறும். நாலு பேருக்கு 12. மந்திரத்தை விட்டுட்டுப் பாத்தா 110ஐக் கரைக்க ஒம்பது ரவுண்டு தாண்டும். நாலாவது ரவுண்டுக்கு மேல எல்லாரும் ஃபோனை எடுத்துடுவாங்க.

*கவின்:* டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) கையேட்டு அட்டவணைல சிஆர் (மான்ஸ்டரோட சவால் அளவு) 3க்கு எச்பி 101–115னு இருக்கே அக்கா?

*மீனாக்கா:* இருக்கு. ஆனா அதே பதிப்போட மான்ஸ்டர் புத்தகத்துல ஆந்தைத் தலைக் கரடி ஔல்பேரைப் பாரு. சிஆர் 3, ஏசி 13, எச்பி 59தான். அலகும் நகமும் ரெண்டும் பட்டா சராசரி 24 டேமேஜ். சீக்கிரம் சாகும், ஆனா பலமாத் தாக்கும். சண்டையில பயம் வர்றதே அதனாலதான்.

*பிரபு மாமா:* அந்த ஔல்பேர் மலிவான பிளாஸ்டிக் பொம்மையைப் பாத்து இந்த விளையாட்டை உண்டாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் உருவாக்கினது. ரஸ்ட் மான்ஸ்டரும் அப்படி வந்ததுதான். ரஸ்ட் மான்ஸ்டர் வெறும் சிஆர் 1/2, ஆனா இரும்புக் கவசத்தை அரிச்சுத் தின்னுடும். அந்த ஒரே வேலைக்கே கவசம் போட்டவன் நாலடி பின்னால போவான். கவின், உன்னோடது செய்யுற ஒரே வேலை என்னன்னு முதல்ல முடிவு பண்ணுடா.

*கவின்:* இழுத்துட்டுப் போறது மாமா. நாக்குதான் அதோட உயிர்.

*திவ்யா:* அப்படின்னா ஸ்டன்னைத் தூக்கிடு அண்ணா. ஸ்டன் ஆனவங்களுக்குச் செய்ய ஒண்ணுமே கிடையாது, மத்தவங்க டர்ன் முடியற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். கிராப்பிள் (பிடிச்சு வெச்சுக்கறது) போடு. அதுல மாட்டினாலும் அடிக்கலாம், மந்திரம் போடலாம், பிச்சுக்கிட்டு வரலாம்.

*பிரபு மாமா:* மூழ்கடிக்கறதும் நீ நினைக்கிற மாதிரி நடக்காது. ரூல்படி மூச்சை 1 + கான் (உடல் உறுதி) மாடிஃபையர் நிமிஷம் அடக்கலாம். கான் 14 இருந்தா மாடிஃபையர் 2, அப்போ 3 நிமிஷம். ஒரு ரவுண்டு 6 செகண்ட், அப்போ 30 ரவுண்டு. உன் சண்டையோ நாலு ரவுண்டு, 24 செகண்ட்ல முடிஞ்சுடும். ஒருத்தரும் மூச்சு முட்டிச் சாக மாட்டாங்க.

*கவின்:* அப்போ தண்ணிக்குள்ள இழுக்கறதுல என்ன பிரயோஜனம்?

*பிரபு மாமா:* நிறைய இருக்கு. நீச்சல் வேகம் இல்லாதவங்களுக்குத் தண்ணிக்குள்ள மெலீ (கிட்ட நின்னு அடிக்கற) அட்டாக் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டிக் குறைஞ்சதை எடுக்கணும்). டாகர், ஈட்டி, ஜாவலின், ஷார்ட்ஸ்வோர்ட், ட்ரைடென்ட், இவ்வளவுதான் விதிவிலக்கு. பெரிய கோடரி வெச்சிருக்கற ஃபைட்டர் திடீர்னு இடுப்புக் கத்தியைத் தேடுவான். முழுசா மூழ்கினவங்களுக்கு நெருப்பு டேமேஜும் பாதிதான். அதனால மத்தவங்க ஃபயர்பால் போட்டுக் காப்பாத்தலாம்னு நினைச்சா சேற்றுவாயனும் தப்பிச்சுக்கும். லெவல் 3ல ஃபயர்பால் கிடையாது, சரி, பர்னிங் ஹேண்ட்ஸ்னு வெச்சுக்கோ.

*திவ்யா:* நாக்கை வெட்டவும் வழி வை. ரோப்பர்ங்கற மான்ஸ்டரோட கொடி மாதிரிக் கைக்கு எப்படித் தனி ஏசி 20, எச்பி 10 குடுத்திருக்காங்களோ அதே மாதிரி. உன்னோடது சின்னது, நாக்குக்கு ஏசி 13, எச்பி 10 போதும். ரோப்பர்ல அந்த டேமேஜ் உடம்போட எச்பியில குறையாது, அதையும் அப்படியே எடுத்துக்கோ. யாரைக் காப்பாத்தறது, எதை வெட்டறதுன்னு அவங்க தேர்ந்தெடுக்கணும்.

*கவின்:* சரி, திருத்தினது:
லார்ஜ். ஏசி 13. கான் 16. எச்பி 8டி10+24 = 68
கடி: +5, 2டி8+3 (12)
நாக்கு: +5, 15 அடி தூரம், 1டி8+3 (7), கிராப்பிள், தப்பிக்க டிசி (பகடைல எட்ட வேண்டிய எண்) 13, 10 அடி இழுக்கும்
ஒரு டர்னுக்கு ரெண்டும்.
சேற்றுப் பீச்சல்: 15 அடி கோன் (கூம்பு), டெக்ஸ் (சுறுசுறுப்பு) டிசி 13, 4டி6 (14), தப்பினா பாதி. ரீசார்ஜ் 5–6 (ஆறு முகப் பகடைல 5, 6 விழுந்தாத் திரும்ப வரும்)

*மீனாக்கா:* டிசி சரியா வருது, 8 + ப்ரொஃபிஷியன்ஸி (தேர்ச்சி) 2 + ஸ்ட்ரென்த் 3. எச்பியும் சரி, லார்ஜுக்கு டி10. இந்த 68 நான் மேல போட்ட கணக்குல ஏசி 13க்கு ரவுண்டுக்கு 19, 20 போகும், நாலாவது ரவுண்டுல விழும்.

*மீனாக்கா:* இப்போ சிஆர். பீச்சல் மாதிரிப் பரவல் தாக்குதல் ரெண்டு பேர் மேல முழுசா விழுந்ததா எடுத்துக்கணும், 28. அடுத்த ரெண்டு ரவுண்டும் கடியும் நாக்கும் சேந்து 19, 19. மூணு ரவுண்டு சராசரி 22. அட்டவணைல 21–26 சிஆர் 3. எச்பி 68 ஆனா சிஆர் 1/2 வரிசை (50–70). ரெண்டுக்கும் சராசரி எடுத்தா சிஆர் 2, 450 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி).

*கவின்:* ரீசார்ஜ் அடிக்கடி வந்துடுமோ?

*மீனாக்கா:* ஒவ்வொரு தடவையும் மூணுல ஒரு பங்கு. நாலு ரவுண்டு சண்டையில மூணு உருட்டு கிடைக்கும், ஒரு தடவையாவது திரும்ப வர வாய்ப்பு 70 சதவீதம். அளவா இருக்கு.

*பிரபு மாமா:* தனியா விடாதே. நாலு பேர் நாலு டர்ன் எடுக்கும்போது இதுக்கு ஒண்ணுதான், சுத்தி நின்னு அடிச்சே முடிச்சுடுவாங்க. அவங்க லெவலுக்கு 450ங்கறது ஈஸி (300லேர்ந்து 599). சிஆர் 1/4ல குட்டி ரெண்டு சேரு. 450 + 50 + 50 = 550, மூணு எதிரின்னா இரட்டிப்பு, 1100. ஹார்ட் 900ல ஆரம்பிக்குது, சரியா உள்ள விழும்.

*திவ்யா:* குட்டிங்க கடிக்கறதை விட, தண்ணிக்குள்ள மாட்டினவங்க காலைப் பிடிச்சுத் தொங்கறது நல்லா இருக்கும்.

*மீனாக்கா:* அப்போ மாட்டினவங்க தப்பிக்கறது ரொம்பக் கஷ்டமாயிடும். ரெண்டு குட்டியும் ஒரே ஆளைப் பிடிக்கக் கூடாதுன்னு எழுதி வை.

*பிரபு மாமா:* பீச்சலுக்கு முன்னால அறிகுறி குடு. முந்தின டர்ன் முடிவுல "தொண்டை வீங்குது, சேறு கொப்பளிக்குது"ன்னு சொல்லிடு. ரீசார்ஜை டர்ன் ஆரம்பத்துல உருட்டறதுக்குப் பதிலா முடிவுல உருட்டு, அப்பதான் சொல்ல முடியும். கேட்டவங்க கலைஞ்சு நிப்பாங்க, நிக்காதவங்களும் யாரையும் குறை சொல்ல மாட்டாங்க.

*கவின்:* ஓடிப் போகணும்னா எப்போ?

*பிரபு மாமா:* எச்பி 20க்குக் கீழ போனதும், இல்ல நாக்கு வெட்டுப்பட்டதும். பசிக்கு வேட்டையாடற பிராணி சாகற வரைக்கும் சண்டை போடாது. நாக்குல ஆள் இருந்தா ஆளோட முங்கும், அதை மட்டும் மறக்காம எழுதிக்கோ.

*திவ்யா:* கிராப்பிள்ல ஆளை இழுத்துட்டுப் போனா வேகம் பாதியாயிடும் அண்ணா. நீச்சல் 30 அடின்னா 15தான். துரத்திப் பிடிக்க அவங்களுக்கு ஒரு ரவுண்டு கிடைக்கும்.

*கவின்:* நீச்சல் 30, நடை 20னு போட்டுட்டேன். குட்டிங்களுக்கு இனிஷியேட்டிவ் (யார் டர்ன் முதல்லங்கறது) தனியா உருட்டணுமா?

*மீனாக்கா:* வேண்டாம், ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு. தாயோடது மட்டும் தனி.