சிக்னலில் நின்றால் மட்டும் சூடேறும் பழைய கார்

கேள்வி: 20 வருடப் பழைய பெட்ரோல் கார். ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. சிக்னலில் கொஞ்சம் நின்றால் சிவப்பைத் தொடுகிறது. கூலன்ட் குறையவில்லை. ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓடும்போது காற்று தானாக வரும், நின்றால் ஃபேன்தான் கதி. சூடேறியதும் அது சுற்றுகிறதா பாருங்கள். கையை விட்டுவிடாதீர்கள், திடீரென்று கிளம்பும். என் காரில் ரிலேதான் (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) போயிருந்தது. அது தெரிவதற்குள் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றித் தொலைத்தேன்!

இன்னொரு பதில்: ஏசியைப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார் நல்லது. சூட்டைப் பார்த்து ஃபேனைக் கிளப்பும் சென்சார் பக்கம் தேடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

கேட்டவர்: ஏசிக்கு ஓடுகிறது! சென்சார் ஒயரைத் தொட்டேன், பச்சைக் களிம்போடு கையிலேயே வந்துவிட்டது.