வெயில்டு பச்சோந்திக்குக் கீழ் உதட்டில் வீக்கம், மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது – உதவி தேவை

செந்தூல் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் (கேஎல்) செந்தூலில் அடுக்குமாடி வீடு. என்னிடம் இருப்பது வெயில்டு வகைப் பச்சோந்தி, ஆண், ஒன்றரை வயது. பெர்மிட் தாளோடுதான் வாங்கினேன், அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

கொஞ்ச நாளாக இரை பிடிக்கத் தடுமாறுகிறான். பூச்சியைப் பார்க்கிறான், குறி வைக்கிறான், நாக்கு பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கக் கீழ் உதடு இடதைவிடப் புடைத்திருக்கிறது. உதட்டு ஓரத்தில் மஞ்சளாக ஒரு சின்னத் துணுக்கு. புழுத்தோல் சிக்கியிருக்கும் என்று ஈரப் பஞ்சால் தொட்டேன், நகரவில்லை. தூங்கும்போதும் வாய் முழுதாக மூடவில்லை.

பகலிலும் அடிக்கடி வாயைத் திறந்து வைத்திருக்கிறான். இது சூட்டாலா, நோயாலா? அம்மா மஞ்சளைக் குழைத்துத் தடவச் சொல்கிறார். தடவலாமா?

கெப்போங் காடை:

சூடுதான் ப்ரோ. கேஎல் வெயிலுக்கு என்னுடையதும் மதியத்தில் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கும். விளக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் தெளி, சரியாகிவிடும். மஞ்சள் நல்ல கிருமிநாசினி, தடவிப் பார்.

ஜெலுத்தோங் மாமா:

தம்பி, மஞ்சளைக் கறிக்கு வைத்துக்கொள். பச்சோந்திக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே, வாயின் தரையில் இருக்கிறது. குழைத்ததோ கரைத்ததோ, வாய்க்குள் போனால் பாதி நுரையீரலுக்குப் போகும். அப்புறம் வாய்ப்புண்ணோடு நிமோனியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

காடை சொல்கிற மாதிரி சூட்டுக்கு வாய் திறப்பதும் உண்டு. ஆனால் அது எப்படி இருக்கும் என்றால், விளக்குக்கு அடியில் நிற்கும்போது திறக்கும், நிறம் வெளுத்துப்போகும், நிழலுக்கு நகர்ந்ததும் மூடிவிடும். உன்னைப் பார்த்துத் திறந்தால் அது கோபம். உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு சீறும், நீ விலகினால் அடங்கிவிடும். சளி பிடித்தால் மூக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடும், கிளிக் கிளிக்கென்று சத்தம் வரும், சில சமயம் வாயில் நுரை தெரியும்.

உன்னுடையது இதில் எதிலும் சேரவில்லை. இரவு விளக்கெல்லாம் அணைந்து அறை ஆறின பிறகும் வாய் மூடவில்லை என்கிறாய். அதுவும் ஒரு பக்கம் மட்டும் வீக்கம். சூட்டுக்கு வலது இடது தெரியாது தம்பி.

கூண்டைப் படம் எடுத்துப் போடு, மூக்கு நுனியையும் கிட்டத்தில் எடு. என்ன விளக்கு, என்ன தீனி, கால்சியம் எப்படிப் போடுகிறாய் என்று எழுது. வாயைக் கையால் பிளக்காதே. சீறுவதற்காகத் தானே திறக்கும்போது போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார், அது போதும்.

செந்தூல் பையன்:

நன்றி மாமா. படம் போட்டிருக்கிறேன். கூண்டு வரவேற்பறையில் இருக்கிறது, நாலு பக்கமும் கம்பி வலை. புற ஊதாக் கதிருக்கு டி5 யூவிபி குழல் விளக்கு, வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் நன்றாக எரிகிறது. பாஸ்கிங் விளக்கு (சூடு காய்வதற்கு) காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. தீனி, பறவைக் கடையில் கிடைக்கும் செங்கெரிக் பூச்சியும் (சிள்வண்டு மாதிரி கிரிக்கெட் பூச்சி) சூப்பர்வோர்ம் என்கிற பெரிய வண்டுப்புழுவும். கால்சியம் பொடி தூவித்தான் போடுகிறேன்.

வீடியோவில் பார்த்தால் மஞ்சள் துணுக்குக்குப் பக்கத்தில் ஈறு சிவந்து, புள்ளி புள்ளியாக இரத்தம் கட்டினமாதிரி இருக்கிறது. வாய் திறக்கும்போது எச்சில் நூலாக இழுபடுகிறது.

ஜெலுத்தோங் மாமா:

மூக்கு நுனியில் செதில் தேய்ந்து சதை தெரிகிறதே, கவனித்தாயா? உதட்டு விளிம்பிலும் வலப்பக்கம் அதே தேய்மானம். இவன் கம்பி வலையில் முகத்தை உரசுகிறான். இரண்டாவது படத்தில், சோபாவுக்குப் பின்னால் தெரிவது இன்னொரு கூண்டா?

செந்தூல் பையன்:

ஆமாம் மாமா. தம்பி பேந்தர் வகைப் பச்சோந்தி ஒன்று வாங்கி வந்தான், அதுவும் ஆண். இவன் அந்தப் பக்கம் போய்த்தான் வலையில் ஏறி இறங்குவான். விளையாடுகிறான் என்று வீட்டில் எல்லாரும் வேடிக்கை பார்ப்போம்.

ஜெலுத்தோங் மாமா:

விளையாட்டு இல்லை, சண்டைக்குப் போகிறான். ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு ஆண் பச்சோந்திகளை வைத்தால் நாள் முழுக்க உடம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்புச் சக்தி இறங்கும், உதடு கம்பியில் கிழியும், கிழிந்த இடத்தில் கிருமி நுழையும். இப்போதே நடுவில் ஓர் அட்டையாவது துணியாவது கட்டு. யூவிபி குழல் எரிவதை வைத்து முடிவு பண்ணாதே. வெளிச்சம் இருக்கும், புற ஊதாக் கதிர் குறைந்திருக்கும். அதையும் மாற்று.

ஊசிக்காரி:

நான் ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மாமா சொன்னதெல்லாம் சரி. மருந்துப் பக்கத்தை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த மஞ்சள் துணுக்கு அநேகமாகச் சீழ். நமக்கு வருவதுபோல் ஊர்வனவற்றுக்குச் சீழ் தண்ணீராக வழியாது, பனீர்த் துணுக்கு மாதிரி கட்டியாக இறுகிவிடும். அதனால்தான் பஞ்சால் தொட்டும் நகரவில்லை. தயவுசெய்து பல்குச்சி, நகவெட்டி என்று எதையும் வைத்து நோண்டாதீர்கள். வெயில்டு, பேந்தர் எல்லாவற்றுக்கும் பல் தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டியே வளர்ந்திருக்கும், விழுந்தால் மறுபடி முளைக்காது. ஈறு மெல்லிசு, அதற்கடியில் உடனே எலும்புதான். நோண்டினால் கிருமியை எலும்புக்கு நாமே வழிகாட்டி அனுப்பியமாதிரி ஆகிவிடும். எலும்பில் ஏறிவிட்டால் வாரக்கணக்கு இல்லை, மாதக்கணக்கில் மருந்து.

ஹைட்ரஜன் பெராக்சைடு, மவுத்வாஷ், வீட்டில் மிச்சமிருக்கும் அமோக்சிசிலின் எதுவும் வேண்டாம். இந்த நோயில் பெரும்பாலும் மாட்டுவது சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள். சாதாரண மாத்திரைக்கு அவை அசையாது. எந்த மருந்து கேட்கும் என்று பஞ்சில் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்ப்பதுதான் முறை. நீங்கள் முன்கூட்டியே ஏதாவது மருந்து கொடுத்துவிட்டால் அந்தப் பரிசோதனையும் குழம்பும்.

இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போய்விடுங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கிற கிளினிக்கில் போய் உட்கார்ந்து பிரயோஜனமில்லை. போன் பண்ணும்போதே 'பச்சோந்தி பார்ப்பீர்களா, எக்ஸ்ரே எடுக்க முடியுமா' என்று கேளுங்கள். கேஎல் பக்கம் யாரும் கிடைக்காவிட்டால் செர்டாங்கில் யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

கொண்டுபோகும்போது காற்றோட்டமுள்ள பெட்டியில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, அதைப் பிடித்து நிற்கும்படி விடுங்கள். மேலே துணி போட்டு மூடுங்கள். காரில் ஏர்கோன் நேராக அதன்மேல் அடிக்கக்கூடாது. பெர்மிட் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள், இவையெல்லாம் சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வருகிற உயிர்.

கெப்போங் காடை:

சரி சரி, மஞ்சளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 😅

செந்தூல் பையன்:

போய்விட்டு வந்தேன். தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

அக்கா சொன்னது சரி, ஈறில் சீழ். தாடையைத் தொட்டுப் பார்த்து, ரப்பர்போல் வளையவில்லை, கால்சியம் குறைபாடு இல்லை என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் எலும்பு ஓரம் லேசாக மங்கியிருக்கிறது, உள்ளே முழுதாக அரிக்கவில்லை. மயக்கம் கொடுத்துச் சீழை எடுத்து, மாதிரியை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் முடிவு வருகிற வரைக்கும் செஃப்டாசிடிம் என்கிற ஆன்டிபயாடிக் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒன்று. வலிக்கு மெலொக்சிகாம். ஈறைத் துடைக்க 0.05 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி, அதுவும் காட்டன் பட் சொட்டாத அளவுக்குப் பிழிந்துதான்.

ஊசியை நானே போட வேண்டும். வேளைக்கு ஒன்றாகச் சின்னச் சிரிஞ்சில் நிரப்பி, ஃப்ரீசரில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் அது இருப்பதைப் பார்த்து அம்மா போட்ட சத்தம் தனிக்கதை. 'ஓணானுக்கு எக்ஸ்ரேயா' என்று பக்கத்து வீட்டில் வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவனை வாங்கின விலையை மருத்துவச் செலவு தாண்டிவிட்டதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

இரண்டு சந்தேகம். ஊசியை முன்கையில்தான் போட வேண்டும் என்றார், காலில் போட்டால் என்ன? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஊசிக்காரி:

பின் பாதி உடம்பிலிருந்து திரும்பும் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடிய அமைப்பு இவற்றுக்கு. காலில் போட்டால் மருந்து வேலை செய்யும் முன்பே கொஞ்சம் வெளியேறிவிடலாம், சில மருந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதனால் முன்கைத் தசை. ஒரு தடவை வலது, அடுத்த தடவை இடது. சிரிஞ்சை உள்ளங்கையில் வைத்தே உருக்குங்கள், வெந்நீரில் போடாதீர்கள்.

நாக்கை வீசச் சொல்லி அவனைப் பாடுபடுத்தாதீர்கள். வெடுக்கென்று கடிக்கிற பூச்சி, முரட்டு ஓடுள்ள சூப்பர்வோர்ம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பட்டுப்புழு, ஹார்ன்வோர்ம் (ஒருவகை அந்துப்பூச்சிப் புழு) போல மெத்தென்று இருப்பதை ஒரு கிண்ணத்தில் போட்டு வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். தின்னாத செங்கெரிக்கை இரவில் கூண்டில் விடவே கூடாது, தூங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கும். சில நாள் ஒன்றுமே தொடாவிட்டால் நீங்களாகக் குழாயில் கரைத்து ஊற்றாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஜெலுத்தோங் மாமா:

விளக்கையும் பார். நம் ஊரில் மதியம் வீட்டுக்குள்ளேயே 31, 32 டிகிரி. அதற்கு மேல் பத்து மணி நேரம் பாஸ்கிங் விளக்கு எதற்கு? காலையில் இரண்டு மூன்று மணி நேரம் போதும், அவன் உட்காரும் கிளையில் 30ஐ ஒட்டி இருக்கட்டும். நோயாளி என்று ஏர்கோன் அறைக்கும் மாற்றாதே. உடம்பு குளிர்ந்தால் மருந்தும் சரியாகக் கேட்காது, குளிர்காற்று ஈரத்தையும் உறிஞ்சும். உரசுகிற பக்கம் கம்பி வலைக்குப் பதில் பிவிசி பூசிய வலையோ நைலான் வலையோ போடு. பேந்தரை வேறு அறைக்கு மாற்றிவிடு, துணி கட்டினால் இவன் ஓட்டை தேடுவான்.

பத்துமலை மினி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் வெயில்டுக்கும் ஈறு ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. நன்றாகச் சாப்பிடுகிறாள். பயமாக இருக்கிறது.

ஊசிக்காரி:

சில வெயில்டுகளுக்கு வாய்க்குள் இயல்பாகவே கருநிறத் திட்டுகள் உண்டு. தட்டையாக, இரண்டு பக்கமும், மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால் நிறம்தான். மேடாகவோ, மஞ்சளாகவோ, சுற்றிச் சிவந்தோ, ஒரு பக்கம் மட்டும் பரவினாலோ காட்ட வேண்டும். இன்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள், மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார். வாய் மூலையில் சின்னப் பை போல உப்பினாலும் விடாதே, அங்கே தோலும் தீனித் துணுக்கும் அடைத்துச் சீழ் பிடிப்பது உண்டு.

செந்தூல் பையன்:

ஆய்வு முடிவு வந்துவிட்டது, சூடோமோனாஸ்தான். அதே ஊசி கேட்கும் என்பதால் தொடரச் சொல்லிவிட்டார்கள், மறுபடி எக்ஸ்ரே அடுத்த மாதம். பேந்தர் தம்பி அறைக்குப் போய்விட்டது. வீக்கம் குறைந்திருக்கிறது, வாய் இன்னும் சரியாக மூடவில்லை. பட்டுப்புழு கேஎல்லில் யாரிடமாவது கிடைக்குமா? கேட்ட கடைகளில் எல்லாம் கையை விரிக்கிறார்கள்.

கெப்போங் காடை:

என்னிடம் ஒரு தட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது ப்ரோ. சின்னது, உன் ஆளுக்கு அளவு சரியாக இருக்கும். சனிக்கிழமை செந்தூல் பக்கம் வருகிறேன், முசுக்கொட்டை இலையும் சேர்த்துத் தருகிறேன். தனிச்செய்தி அனுப்பு.